சீனிக்கிழங்கும் மூன்று விசிலும்

போன இதழில் தைமாதக் கிழங்குகளைப் பற்றி எழுதும்போது, "சர்க்கரைவள்ளியை மட்டும் குக்கரில் போட்டுக் கொல்லாதீர்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். வத்தக்குழம்பு, ஊறுகாய்க் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகின்றன, கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நான் அம்பாசமுத்திரத்துக்காரி. எங்கள் பக்கம் சர்க்கரைவள்ளிக்குச் சீனிக்கிழங்கு என்றுதான் பெயர். முப்பத்தாறு வருடமாகக் குரோம்பேட்டையில் குடியிருந்தும் நாக்கு மாறவில்லை. பதிலில் இரண்டு பெயரும் கலந்துதான் வரும்.

குக்கர் வேண்டாம் என்கிறீர்கள். நான் காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவள். மூன்று விசில் விட்டால் வேலை முடிந்தது. ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி சப்பென்றுதான் இருக்கிறது, தோலும் வெடித்துவிடுகிறது. என் அம்மா அவித்தால் தேன் மாதிரி இருக்குமே, அது கிழங்கின் குணமா, கைப்பக்குவமா?
வாசகி, மேடவாக்கம்

இரண்டும் இல்லை, அடுப்பின் குணம்.

பச்சைக் கிழங்கைக் கடித்துப் பாருங்கள், பெரிய இனிப்பு ஒன்றும் இருக்காது. உள்ளே இருப்பதில் பெரும்பங்கு மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக்கும் ஆளும் கிழங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அமைலேஸ் என்று ஒரு நொதி. சூடு ஏறி மாவு இளகத் தொடங்கியதும் அது மாவை நறுக்கி நறுக்கி மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். ஆனால் அது வேலை பார்ப்பது ஏறக்குறைய 60 டிகிரியிலிருந்து 75 டிகிரி வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் நொதி செத்துப்போகும். வெயிட் போட்ட குக்கருக்குள் 120 டிகிரி வரை சூடு ஏறுகிறது. பாவம், அந்த நொதி வேலைக்கு வந்து கையெழுத்துப் போடுவதற்குள் ஆபீசைப் பூட்டிவிடுகிறோம்.

எங்கள் ஆச்சி வெண்கலப் பானையின் அடியில் ஒரு பிடி வைக்கோல் போட்டு, அதன்மேல் கிழங்கை அடுக்கி, பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியால் வாயைக் கட்டி அடுப்பில் ஏற்றுவாள். இரண்டு விறகுதான். அப்புறம் தார்சாவில் (முன்கூடத்தில்) பூக்கட்ட உட்கார்ந்துவிடுவாள். கட்டி முடித்து எழுந்து வரும்போது கிழங்கு தயார். நொதி, டிகிரி எதுவும் அவளுக்குத் தெரியாது. விறகு மிச்சம் பிடிக்கிற புத்தி, அது கிழங்குக்கு நல்லதாகப் போயிற்று.

உங்களுக்கு வெண்கலப் பானை வேண்டாம். அந்தக் குக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள், வெயிட்டை மட்டும் போடாதீர்கள். ஒரே பருமனான கிழங்காகப் பார்த்து, தோல் சீவாமல், வெட்டாமல், மண் போகத் தேய்த்துக் கழுவிப் போடுங்கள். முக்கால்வாசி முங்கப் பச்சைத் தண்ணீர். கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டாம். சின்னத் தீயில் வைத்தால் முதல் குமிழி வரவே இருபது நிமிடம் ஆக வேண்டும். இனிப்பு விளைவது அந்த இருபது நிமிடத்தில்தான். கொதி வந்தபிறகு இன்னும் ஒரு கால்மணி, கையளவுக் கிழங்குக்கு அது போதும். ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கினால் உடனே தண்ணீரை வடித்துவிட்டு, மூடியைத் திறந்துபோட்டு அதே சூட்டில் ஐந்து நிமிடம் ஈரம் உலர விடுங்கள். காலையில் நேரமில்லை என்றால் ராத்திரி பாத்திரம் கழுவுகிற நேரத்தில் அவித்து வைத்துவிடலாம். மறுநாள் டப்பாவில் போட்டுக் கொண்டுபோக ஆறிய கிழங்குதான் வசதியும்கூட.

ஒன்று விட்டுவிட்டேன். நேற்றுத் தோண்டிய கிழங்கு என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அன்றே அவிக்காதீர்கள். ஒரு வாரம் நிழலில் கிடந்தால் இனிப்பு கூடும்.

கிழங்கு நன்றாக வெந்துவிட்டது, ஆனால் நடுவில் மட்டும் கட்டையாக இருக்கிறது. இன்னும் அரைமணி நேரம் வைத்தும் பயனில்லை. ஏமாற்றிவிட்டாரா காய்க்காரர்?
வாசகர், கோவை

காய்க்காரரைத் திட்டும் முன்பு ஒரு கேள்வி: ஃபிரிட்ஜில் வைத்தீர்களா?

வைத்திருப்பீர்கள். நானும் வைத்தேன். கல்யாணமான இரண்டாம் பொங்கலுக்கு அண்ணன் பொங்கல்படியோடு நாலு கிலோ சீனிக்கிழங்கு கொண்டுவந்து இறக்கினான். அப்போதுதான் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்திருந்தது. எதைப் பார்த்தாலும் உள்ளே தள்ளுகிற ஆசை. பதினைந்து நாள் கழித்து எடுத்து அவித்தால் சுற்றிலும் பஞ்சு, நடுவில் தேங்காய்ச் சிரட்டை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டைத் தட்டில் போட்டு டொக்கென்று ஒரு சத்தம் எழுப்பினார், அவ்வளவுதான்.

இது வெப்பமண்டலக் கொடி. 12, 13 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால் உள்ளே திசு கெட்டுப்போகும். அப்படிக் கெட்ட பகுதி எத்தனை மணி நேரம் அவித்தாலும் இளகாது. ஃபிரிட்ஜுக்குள் இருப்பது 4, 5 டிகிரி. எனவே பச்சைக் கிழங்குக்கு வெங்காயக் கூடைதான் இடம். கழுவாமல், காற்றாட, பிளாஸ்டிக் பையில் கட்டாமல். ஊரில் கட்டிலுக்கு அடியில் மணலைப் பரப்பி அதில் புதைத்து வைப்பார்கள். அவித்த கிழங்கை ஃபிரிட்ஜில் வைப்பதில் தப்பே இல்லை, இரண்டு மூன்று நாள் தாங்கும்.

நறுக்கிய உடனே கறுத்துப்போகிறது. கையிலும் பிசின் ஒட்டுகிறது.
வாசகி, திருவாரூர்

நறுக்க நறுக்கத் தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. வெட்டினால் வடிகிற அந்தப் பால் இந்தச் செடியின் குணம், கெடுதல் இல்லை. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் இன்னும் கறுக்கும், இதற்கு மட்டும் எவர்சில்வர் கத்தி.

சின்ன வயதில் சாம்பலில் சுட்டுத் தின்ற ருசி இப்போது எங்கே கிடைக்கும்? எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு மட்டும்தான், ஓவன் கிடையாது.
வாசகர், விருதுநகர்

சாம்பலில் சுட்ட கிழங்குக்கு நிகர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நெல் அவித்து முடித்த அடுப்பில் தணலை ஒதுக்கி, சுடுசாம்பலில் புதைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது எடுக்கலாம். எங்கள் அண்ணன் கருகினதை எனக்குத் தள்ளிவிட்டு நல்லதை எடுத்துக்கொள்வான். கருகின தோலுக்குள்தான் பாகு இருக்கும் என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரிந்துபோனது. அவனுக்கு இன்னும் தெரியாது, இந்தப் பத்தியை அவன் படிப்பதில்லை.

நேரடித் தீயில் கிழங்கைக் காட்டிச் சுடாதீர்கள். மேலே கரியும் உள்ளே பச்சையுமாக இருக்கும். நான் செய்வது இது: பழைய கனமான இரும்புச் சட்டியில் ஒரு கிலோ கல்லுப்பைக் கொட்டுங்கள். நன்றாகக் கழுவி, துணியால் ஒற்றி ஈரம் போக்கிய ஒல்லிக் கிழங்குகளை உப்புக்குள் புதைத்து, கனமான தட்டால் மூடுங்கள். தீ மிகச் சின்னதாக. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். இடையில் ஒருமுறை புரட்டினால் போதும். தோல் கெட்டியாக இருப்பதால் உப்பு உள்ளே இறங்காது. தோலில் கசிந்து ஒட்டிய பாகு கறுப்பாக மின்னினால் எடுத்துவிடலாம். அந்த உப்பைத் தட்டி வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி இதற்கே பயன்படுத்தலாம். என்னிடம் இருப்பது நாலு வருட உப்பு, பார்க்க மண் மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் ஒருமுறை குப்பையில் கொட்டப் போய்ப் பெரிய ரகளை.

ஓவன் இருக்கிறவர்கள் சூடாகாத ஓவனிலேயே கிழங்கை வைத்து, பிறகு 200 டிகிரிக்குத் திருப்புங்கள். ஒரு மணி நேரம்.

ஒரு கிழங்கில் சின்னச் சின்ன ஓட்டை. வெட்டி எடுத்துவிட்டு மீதியை அவித்தேன், கசந்து வழிந்தது. வெல்லம் சேர்த்தால் சரியாகுமா?
வாசகி, ஒட்டன்சத்திரம்

சரியாகாது. எறியுங்கள். அது கூன்வண்டு குடைந்த கிழங்கு. வண்டு குடைந்தாலோ பூஞ்சை பிடித்தாலோ, கிழங்கு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கசப்பான சில பொருள்களைச் சுரக்கும். அவை ஓட்டையைச் சுற்றி மட்டும் நிற்காது, வெந்தாலும் போகாது. நாற்றத்திலேயே தெரியும்.

அப்புறம் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். கசந்த கிழங்கை மாட்டுக்குப் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம். பூஞ்சை பிடித்த சர்க்கரைவள்ளியைத் தின்ற மாடுகளுக்கு நுரையீரல் பாதித்து மூச்சுத்திணறி உயிரே போயிருக்கிறது. குழிவெட்டிப் புதைத்துவிடுங்கள்.

வாங்கும்போதே பாருங்கள்: தோலில் குண்டூசி குத்திய மாதிரிப் புள்ளிகள், முனையில் சுருக்கம், அமுக்கினால் மெத்தென்று இருப்பது, இந்த மூன்றில் எது இருந்தாலும் வேண்டாம். ரொம்பப் பெரிய கிழங்கும் எனக்குப் பிடிக்காது, நார் பல்லில் மாட்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பெயரிலேயே சர்க்கரை இருக்கிறதே, கொடுக்கலாமா? சிலர் நல்லது என்கிறார்கள், சிலர் விஷம் என்கிறார்கள்.
வாசகர், திருச்சி

நல்லதும் இல்லை, விஷமும் இல்லை. கிழங்கு. 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் மாவும் சர்க்கரையும், 3 கிராம் நார்ச்சத்து. சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட்டால் கணக்கு சரியாக வரும். சோற்றையும் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, "இது சத்து" என்று மேலே இரண்டு கிழங்கு தின்றால் வராது. பொதுவாக, சுட்டதைவிட அவித்தது ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும். பாதிக் கிழங்கு, கூட ஒரு கிண்ணம் சுண்டலோ மோரோ. இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்தால் அப்பாவின் உடம்பே பதில் சொல்லிவிடும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அவருடைய டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

அக்கா, நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது டொராண்டோவில். ஊரில் வத்தாளங்கிழங்கு அவித்து, தேங்காய்ப்பூவும் சம்பலுமாகச் சாப்பிடுவோம். இங்கே 'யாம்' என்று எழுதி வைத்திருக்கிற கிழங்கை வாங்கி அவித்தால் உள்ளே செம்மஞ்சள், சொதசொத என்று பூசணிக்காய் மாதிரி. என்ன பிழை?
வாசகி, கனடா

உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை தங்கச்சி, பிழை அந்தப் பலகையில். வட அமெரிக்கக் கடைகளில் செம்மஞ்சள் சர்க்கரைவள்ளியை 'யாம்' என்று விற்பது பழைய வழக்கம். உண்மையான யாம் என்பது நம் வள்ளிக்கிழங்கு இனம். நீங்கள் ஊரில் கஞ்சி காய்ச்சுவீர்களே இராசவள்ளிக்கிழங்கு, அதுதான் யாம். சர்க்கரைவள்ளிக்கு அது உறவே இல்லை. சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி நம்மிடம் வந்த பயிர். இப்போது அதே கண்டத்தில் அதைத் தேடி நீங்கள் அலைகிறீர்கள்.

செம்மஞ்சள் கிழங்கில் மாவு குறைவு, ஈரம் அதிகம். அவித்து உதிர்த்துச் சாப்பிட அது சரிப்படாது. கொரியக் கடை, ஜப்பானியக் கடைகளில் தோல் சிவப்பாக, சதை வெளிர்மஞ்சளாக ஒன்று இருக்கும். அதை வாங்குங்கள். வெந்ததும் கஷ்கொட்டை (செஸ்ட்நட்) மாதிரி மாவாக உடையும். சம்பலுக்கு அதுதான்.

ஆனால் செம்மஞ்சளை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த நிறம் பீட்டா கரோட்டின், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுவது. ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறையைப் போக்க இந்தக் கிழங்கைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். கொழுப்பு சேர்ந்தால்தான் அது உடம்பில் நன்றாகச் சேரும், அதனால் தேங்காய்ப்பால் விட்டுப் பாயசமாகச் செய்யுங்கள். மசித்த கிழங்கு ஒரு கிண்ணம், வெல்லம் கால் கிண்ணம் போதும், இரண்டாம் பாலில் கரைத்துக் கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகு முதல் பால், ஏலக்காய். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊதா நிறச் சர்க்கரைவள்ளி கிடைத்தது. குழந்தைகளுக்காகப் பணியாரம் சுட்டேன். பச்சையாக வந்தது! பயந்து கொட்டிவிட்டேன். கெட்டுப்போன கிழங்கா?
வாசகி, புதுச்சேரி

அடடா, நல்ல பணியாரம் போச்சே. ஆப்பசோடா போட்டீர்களா? நானும் அதே பச்சைப் பணியாரம் சுட்டவள்தான். என் பேத்தி அதைத் தொடவே மறுத்துவிட்டாள், நான் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அந்த ஊதா நிறத்துக்கு ஆந்தோசயனின் என்று பெயர், சங்குப்பூவில் இருப்பதும் அந்த வகைதான். சோடா மாதிரிக் காரத்தன்மை உள்ளது பட்டால் நீலமும் பச்சையுமாகும், புளிப்பு பட்டால் சிவப்பு ஏறும். சோடாவை விட்டுவிட்டு, இட்லிமாவு மாதிரிப் புளித்த மாவில் கலந்து சுடுங்கள். நிறம் நிற்கும், ரோஜாப்பக்கம் கொஞ்சம் சாயும்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1963இல் தொடங்கியது. அந்த நிலையம் உருவாக்கிய ஊதா ரகத்துக்குப் 'பூ கிருஷ்ணா' என்று பெயர், செம்மஞ்சளுக்குப் 'பூ சோனா'. பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு.

குழந்தைகளுக்கு இன்னொரு சுலபமான வழி சப்பாத்தி. மசித்த கிழங்கு ஒரு கிண்ணத்துக்குக் கோதுமை மாவு ஒன்றரைக் கிண்ணம், உப்பு, ஒரு கரண்டி நெய். தண்ணீர் ஊற்றாமல் பிசைய ஆரம்பியுங்கள், கிழங்கின் ஈரமே பெரும்பாலும் போதும். போதாவிட்டால் மட்டும் தெளியுங்கள். இனிப்பு இருப்பதால் கல்லில் சீக்கிரம் கறுக்கும், தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வரை மெத்தென்று இருக்கும்.

திருவாதிரைக்கு ஏழுகறிக் குழம்பு வைக்கும்போது எல்லாக் காயும் முழுசாக நிற்கிறது, சர்க்கரைவள்ளி மட்டும் கரைந்து குழம்பே இனித்துவிடுகிறது. மாமியார் வேறு பக்கத்திலேயே நிற்கிறார்.
வாசகி, சிதம்பரம்

சிதம்பரத்துக்கே திருவாதிரைக் குழம்பு சொல்லித் தருகிறேனா, நடக்கட்டும்.

எல்லாக் காயையும் சேர்த்து வேகவைத்துப் பிறகு புளி ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சேனை, வாழைக்காய், அவரை, பூசணி எல்லாம் அப்படிச் செய்யலாம். சீனிக்கிழங்கை மட்டும் பச்சையாக எடுத்து வைத்து, புளித்தண்ணீர் கொதிக்கும்போது போடுங்கள். புளிப்பில் எந்தக் காயும் மெதுவாகத்தான் இளகும். மற்ற காய்க்கு அது தொந்தரவு, இதற்கு அதுவே காவல். துண்டும் கட்டைவிரல் பருமனுக்குக் குறையக்கூடாது, தோலோடு இருந்தால் இன்னும் நல்லது. ஊசி இறங்கும் நேரத்தில் வறுத்து அரைத்த விழுதைச் சேர்த்து இரண்டு கொதியில் இறக்கிவிடுங்கள். சூட்டில் மிச்சம் வேகும். வெல்லம் போடுகிற வழக்கம் இருந்தால் இந்தக் குழம்புக்கு மட்டும் நிறுத்துங்கள். களிக்குத்தான் வெல்லம் இருக்கிறதே.

குழம்பு ஏற்கெனவே இனித்துவிட்டதா? இரண்டு வரமிளகாயைக் கூடுதலாகக் கிள்ளித் தாளித்துக் கொட்டி, "இந்தத் தடவை காரம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது அத்தை" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

கூடையில் மறந்துபோன கிழங்கு முளைத்துவிட்டது. உருளைக்கிழங்கு முளைத்தால் விஷம் என்பார்களே?
வாசகர், ஆவடி

அது உருளைக்கிழங்கு. இது அந்தக் குடும்பமே இல்லை. முளையைக் கிள்ளிவிட்டு, கிழங்கு கெட்டியாக இருந்தால் தாராளமாக அவிக்கலாம், கொஞ்சம் நார் தட்டும்.

ஆனால் நான் அவிக்கமாட்டேன். முளை ஒரு சாண் வளர்ந்ததும் ஒடித்து ஈரமண்ணில் ஊன்றுங்கள், வேர் பிடித்துவிடும். போன வருடம் பழைய அரிசிச் சாக்கில் மண் நிரப்பி மொட்டைமாடியில் வைத்தேன். நூற்றிருபது நாள் கழித்து ஆசையாகக் கவிழ்த்தால் விரல் பருமனில் மூன்று கிழங்கு. அளவுக்கு மீறி எரு போட்டுவிட்டேன், சத்தெல்லாம் கொடிக்குப் போய்விட்டது. அந்தக் கொடியின் இளந்தளிரைக் கிள்ளி, சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டு வதக்கினால் நல்ல கீரை. நாலு மாதமும் வாரம் ஒருமுறை அந்தக் கீரைதான் எங்கள் வீட்டில். மூன்று கிழங்கையும் உப்புச்சட்டியில் சுட்டு ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம், என் பங்கு கருகினது.